செத்தல் மிளகாயும் முதலாம் நரம்பும்

மகள் விழுந்த அந்தச் சனிக்கிழமைக்கு முன்னர், எங்கள் வீட்டில் ஒவ்வொரு காலையும் ஒரே முறைப்பாட்டோடுதான் விடியும். அவள் தன் பள்ளிக்கூட ஜேர்சியை இரண்டு கையாலும் தூக்கி, மூக்கில் வைத்து, ஒரு முறை ஆழமாக இழுத்துப் பார்ப்பாள். பிறகு பொலிஸ்காரர் தடயப் பொருளைப் பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்பாள்.

"அம்மா, திருப்பியும் கறி மணக்குது."

"கறி மணக்காமல் வேற என்ன மணக்கும்? நான் என்ன மல்லிகைப் பூவே தாளிச்சனான்?" என்பாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.

ஓக்லாந்து நகரின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பலகை வீடு. குசினிக்கும் மகளின் அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர் மட்டும். குளிர்காலத்தில் யன்னலைத் திறக்க ஒருவருக்கும் மனம் வராது. வெங்காயமும் கருவேப்பிலையும் எண்ணெயில் விழுந்ததும், அந்த ஆவி வெளியே போக வழி தெரியாமல் நேரே அவளுடைய அலுமாரிக்குள் போய்க் குடியேறிவிடும். ஜேர்சி கம்பளியால் ஆனது. கம்பளி எதையும் மறப்பதில்லை. அவள் அலுமாரிக் கதவிடுக்கில் துவாயைத் திணித்துப் பார்த்தாள். ஜேர்சியைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். கடைசியில் அதைக் கொண்டுபோய் என்னுடைய காருக்குள் வைத்தாள். நான் வேலை செய்தது பெற்றோல் நிலையத்தில். மறுநாள் காலை ஜேர்சி கறியும் பெற்றோலுமாக மணந்தது.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னது என்று அவள் எங்களிடம் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் துணிவு வரவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன். தவளையின் மூளையிலிருந்து வரும் நரம்புகள் பத்துச் சோடி, மனிதனுக்குப் பன்னிரண்டு சோடி என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் பெயரையும் வேலையையும் பிள்ளைகளைக்கொண்டு உரத்துச் சொல்ல வைத்தவன். ஓக்லாந்துக்கு வந்த பிறகு எனக்கு இலக்கங்கள் தேவைப்பட்டது பெற்றோல் பம்புகளுக்கு மட்டும்தான். ஆனாலும் மனசுக்குள் நான் வாத்தியார்தான். என் பிள்ளையின் தலைக்குள் நடப்பது எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வலைப்பந்துத் திடலின் தார்த்தரை இன்னும் ஈரம். அவள் பந்தை எட்டிப் பிடிக்கப் பின்னால் ஓடி, வழுக்கி, மல்லாக்க விழுந்தாள். பின்தலை தரையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மற்றப் பெற்றோர் ஒருவருக்கும் கேட்கவில்லையாம். எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, மூளை சற்று அதிர்ந்திருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஓய்வு கொடுக்காதவன் நான்தான். டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் திரிந்தேன். கண்மணி சுருங்குகிறதா, நாக்கு நேரே நீளுகிறதா, இரண்டு தோளும் ஒரேயளவு உயருகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

"அப்பா, ஸ்டொப் இட்."

"ஒருக்கா சிரி, பிள்ளை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுபடுதோ எண்டு பார்ப்பம்."

"எனக்குச் சிரிப்பு வரேல்லை."

"வராட்டிலும் சிரி."

எல்லாம் சரியாக இருந்தன. இரண்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எனக்குத் தெரிந்த நரம்புகள் அத்தனையையும் சோதித்துப் பார்த்தேன். முதலாவதை மட்டும் பார்க்கவில்லை. அதற்கு டோர்ச் லைட் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன்போலும்.

முதலில் நடந்தது எங்களுக்கு நல்ல செய்தியாகத்தான் தெரிந்தது. மனைவி யன்னலெல்லாம் பூட்டிக்கொண்டு கருவாடு பொரித்தாள். வழக்கமாக அந்த மணம் கிளம்பினால் மகள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அவலக்குரல் எழுப்புவாள். அன்று குசினி மேசையிலேயே இருந்து ஏதோ ஒரு சஞ்சிகையைப் புரட்டியபடி கருவாட்டையும் சாப்பிட்டாள். மறுநாள் காலையும் ஜேர்சி பற்றிய முறைப்பாடு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"பார்த்தீங்களே," என்றாள் மனைவி என் காதில், பெருமையாக. "பிள்ளைக்குக் குணம் திருந்தியிட்டுது. தலையில அடிபட்டதும் ஒரு நன்மைக்குத்தான்."

நானும் தலையாட்டினேன். மனித மூளையைப் பற்றி இத்தனை வருஷம் படிப்பித்தவன், தரையில் மோதினால் பிள்ளைகள் திருந்துவார்கள் என்று ஒரு கிழமை முழுவதும் நம்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். நாள் முழுக்கப் பெற்றோலை மணந்து மரத்துப்போன என் மூக்கே ஒரு அடி பின்வாங்கியது. வீடெல்லாம் காஸ். வரவேற்பறையில் சிலிண்டர் வைத்த ஹீட்டரின் திருகு திறந்தபடி. சுவாலை அணைந்திருந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில், கம்பளத்தில் சம்மணம் கட்டி இருந்து மகள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

நான் எப்படி ஹீட்டரைப் பூட்டினேன், எப்படி அவளை வெளியே இழுத்தேன், எந்த யன்னலை எப்படித் திறந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. முற்றத்துப் புல்லில், சொக்ஸ் போட்ட காலோடு நின்று அவள் கேட்டது நினைவிருக்கிறது.

"வட்? என்ன நடந்தது?"

"உனக்கு மணக்கேல்லையோ?"

"என்ன மணம்?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கருவாடும் ஜேர்சியும் அமைதியானதற்கும் இதுதான் காரணம். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயத்தில் ஒரு துண்டு இன்னும் எங்கேயோ உடம்பில் மிச்சம் இருக்கிறது. யாராவது நெருப்புக்குச்சி உரசினால் எழும்பிப் பார்க்கிறேன்.

குடும்ப வைத்தியர் மூக்குக்குள் பார்த்துவிட்டு, விசேட வைத்தியரிடம் போக வேண்டும், அதற்குச் சில கிழமைகள் காத்திருக்க வேண்டும் என்றார். சில கிழமைகள் சும்மா இருக்க என்னால் முடியுமா? அன்று மாலையே குசினி மேசையில் என் ஆய்வுகூடத்தைத் திறந்தேன். மகளின் கண்ணைச் சால்வையால் கட்டினேன். போத்தல்களையும் டின்களையும் வரிசையாக வைத்தேன். மனைவி உதவியாளர்.

கோப்பித்தூளை நீட்டினேன். "ஒண்டுமில்லை" என்றாள். சவர்க்காரத்துக்கும் ஒன்றுமில்லை. கறிக்குப் போட மனைவி வறுத்து இடித்த மிளகாய்த்தூளின் மூடியை மெல்ல நீக்கி, தூள் பறக்காதபடி, தூரத்தில் பிடித்தேன். ஒன்றுமில்லை. அந்த மூடியைத் திறந்தால் பக்கத்து வீதிக்கே பசி எடுக்கும் என்பது மனைவியின் நம்பிக்கை. அவள் முகம் விழுந்துவிட்டது.

அடுத்ததாகப் பெருஞ்சீரகம்.

"பெருஞ்சீரகம்!" என்றாள் மகள்.

நான் துள்ளினேன். மனைவி துள்ளவில்லை. "இஞ்சரப்பா, அந்த டின்னை ஆட்டினா நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். காதால கண்டுபிடிச்சிட்டாள்."

"ஏன் பிள்ளை பொய் சொன்னனீ?"

"நீங்கள் சந்தோசப்படுவீங்கள் எண்டு" என்றாள், கட்டிய கண்ணோடு.

அதற்குப் பிறகு சத்தமில்லாத பொருட்களையே எடுத்தேன். தலையிடிக்குப் பூசும் தைலத்தை மூக்கடியில் பிடித்ததும் அவள் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். "தைலம்! மூக்குக்குள்ள குளிருது!" வினாகிரிப் போத்தலுக்கு, "குத்துது, குத்துது" என்றாள். நான் சால்வையை அவிழ்த்து அவள் நெற்றியில் கொஞ்சினேன். இரண்டு மணங்கள் தெரிகின்றன! இரண்டு தெரிந்தால் மற்றவையும் மெல்ல மெல்ல வந்துவிடும் என்று மனைவிக்குப் பாடம் நடத்தினேன்.

மகள் மட்டும் யோசனையாக இருந்தாள். "ஆனா அப்பா, அது மணம் மாதிரி இல்லை."

"மூக்கால வந்ததுதானே? அப்ப மணம்தான்" என்றேன், விலங்கியல் ஆசிரியனாகிய நான்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு இளம் குடும்பம் இருந்தது. கணவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பெண் என் மனைவியை அக்கா என்றும், நான் ஒரு காலத்தில் ஆசிரியன் என்பதால் என்னை சார் என்றும் கூப்பிடுவாள். விஷயம் கேள்விப்பட்டதும் அவள் வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இது கண்ணுதான். உங்க பொண்ணு பந்து போடுற அழகைப் பார்த்து எத்தனை பேர் கண்ணு வெச்சாங்களோ! சுத்திப் போடணும்."

"நாங்கள் நாவூறு கழிக்கிறது எண்டு சொல்லுவம்" என்றாள் மனைவி. "செத்தல் மிளகாய், உப்பு, கடுகு."

"ஆமா, அதேதான். ஆனா முச்சந்தி மண்ணும் வேணுமே, அக்கா."

மவுண்ட் ரோஸ்கில்லில் முச்சந்திக்குக் குறைவில்லை. மண்ணுக்குத்தான் பஞ்சம். வீதியெல்லாம் தார், நடைபாதையெல்லாம் கொங்கிரீட், மிச்சமெல்லாம் புல். டெய்ரி என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடைக்கு முன்னால் மூன்று வீதி கூடும் இடத்தில், ஒரு தேக்கரண்டியோடு நான் குந்தியிருந்து நடைபாதை வெடிப்பைச் சுரண்டினேன். கடைக்காரர் வெளியே வந்து, ஏதாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை, மண் எடுக்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பூச்சட்டியில் நல்ல மண் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்த மண் முச்சந்திக்கே உரியதுதானே என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

இந்தச் சடங்கில் ஒரு கணக்கு இருக்கிறது. தலையைச் சுற்றிய மிளகாயை நெருப்பில் போட்டு நெடி கிளம்பாவிட்டால், கண்ணூறு பட்டிருக்கிறது. நெடி கிளம்பி எல்லோரும் இருமினால், கண்ணூறு இல்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான், அவர்கள் ஊரிலும் அப்படித்தான். ஆனால் இரண்டு ஊரிலும் அதை முற்றத்தில் செய்வார்கள். வெளியே மழை பெய்ததால் நாங்கள் அதைக் குசினியில், தாச்சிச் சட்டியில், யன்னல் பூட்டியபடி செய்தோம்.

மிளகாய் கருகிய முதல் விநாடியே எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்து மனைவி. அடுத்து அந்தப் பெண், சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி. எல்லோரையும்விட மோசமாக இருமியது மகள். கண்ணாலும் மூக்காலும் நீர் ஓட, "ஐ கான்ட் ப்ரீத்!" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். புகை அலாரம் வீரிட்டது. நான் அதற்குக் கீழே நின்று, கண்ணீரோடு, அவள் காதில் கத்தினேன்.

"மணக்குதோ? பிள்ளை, மணக்குதோ?"

"எரியுது! எரியுது!"

"கண்ணே இல்ல சார்!" என்று கூவினாள் பக்கத்து வீட்டுப் பெண், இருமலுக்கு நடுவே. "நெடியைப் பாருங்க! தெருவே இருமும் போலிருக்கு!"

"மூக்கும் வேலை செய்யுது!" என்றாள் மனைவி.

பின்கதவைத் திறந்தால், மற்றப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் எங்கள் வேலிக்கு மேலால் தோட்டத்துக் குழாயை நீட்டிப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. நெருப்பு இல்லை, சமையல்தான் என்றேன். அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். "சமையலா?" என்று கேட்டுவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அன்று மனைவி ரவைக் கேசரி கிண்டினாள். கண்ணூறும் இல்லை, மூக்கும் சரி என்றால் கொண்டாடத்தானே வேண்டும். நெய்யும் ஏலக்காயும் முந்திரிப்பருப்பும் போட்டுக் கிண்டியதை மகளின் முன்னால் வைத்தோம். அவள் ஒரு கரண்டி வாயில் வைத்து, மென்று, விழுங்கினாள்.

"எப்பிடி இருக்கு?"

"இனிக்குது" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "சூடா இருக்கு. மெத்தெண்டு இருக்கு." நானும் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கேசரி சாப்பிட்டு முடித்தோம். அவளுடைய கோப்பையில் மிச்சம் இருந்தது.

விசேட வைத்தியர் ஒரு பெண். என் வயது இருக்கும். மேசையில் நடுவால் பிளந்த தலையின் மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் பழைய வகுப்பறைக்கு வந்த மாதிரி இருந்தது. நான் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தடயங்களை எல்லாம் அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். நான் விலங்கியல் ஆசிரியர், வீட்டிலேயே முறையாகச் சோதனை செய்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். தைலம் தெரிகிறது, வினாகிரி தெரிகிறது, செத்தல் மிளகாய்ப் புகைக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாக இருமினாள் என்று விளக்கினேன்.

அவர் ஒவ்வொரு போத்தலையும் திறந்து பார்த்தார். மிளகாய் சுற்றிய காகிதச் சரையை அவசரமாக மூடினார்.

"கோப்பி?"

"கோப்பி மட்டும் இல்லை."

"சவர்க்காரம்?"

"அதுவும் இல்லை."

"உங்களுடைய கறித்தூள்?"

"இல்லை."

அவர் டின்னின் மூடியை மெதுவாகப் போட்டார். தைலத்தின் குளிர், வினாகிரியின் குத்தல், மிளகாய்ப் புகையின் எரிவு, இவை மூன்றும் மணங்கள் அல்ல என்றார். மூக்கின் உட்தோலுக்கு உண்டாகும் எரிச்சல் அது. கன்னத்தில் கிள்ளினால் எந்த நரம்பு சொல்லுமோ அதே ஐந்தாம் நரம்புதான் அதையும் சொல்லுகிறது. மணத்தைச் சொல்வது முதலாம் நரம்பு. "உங்கள் மகளின் ஐந்தாம் நரம்பு மிக நல்ல நிலையில் இருக்கிறது" என்றார்.

எனக்குக் காது சுட்டது. ஏனென்றால் இது எனக்குத் தெரியும். தெரியும் என்பது மட்டும் இல்லை, தவணைப் பரீட்சையில் நானே கேள்வியாகப் போட்டிருக்கிறேன்: 'வெங்காயம் வெட்டும்போது மணம் தெரிவதும் கண், மூக்கு எரிவதும் ஒரே நரம்பினாலா? காரணம் கூறுக.' ஒரே நரம்பு என்று எழுதிய பிள்ளைகளுக்குப் பூச்சியம் போட்டுச் சிவப்பு மையால் வட்டமும் கீறியிருக்கிறேன்.

அவர் மாதிரித் தலையைக் காட்டி விளக்கியதை, வீட்டுக்கு வந்து மனைவிக்கு நான் இப்படிச் சொன்னேன். மூக்கின் கூரையில் மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. இடியப்ப உரலின் அடிபோல அதில் கண் கண்ணாகத் துளைகள். மண நரம்பின் இழைகள் மூக்கிலிருந்து அந்தத் துளைகளுக்குள்ளால் புகுந்து மேலே மூளைக்குப் போகின்றன. பின்தலை தரையில் மோதியபோது மூளை உள்ளே ஒரு முறை முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. உரலின் அடியில் தொங்கும் இடியப்ப இழைகளைக் கையால் வழித்து விட்டால் என்ன நடக்கும்? அதுதான் நடந்திருக்கிறது.

மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப திருப்பிப் பிழியலாம்தானே?" என்றாள்.

அது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கேள்வி. இந்த இழைகள் மட்டும் மற்ற நரம்புகளைப்போல இல்லாமல் மறுபடி வளரக்கூடியவை என்று வைத்தியரும் சொல்லியிருந்தார். வளர்ந்து, துளையைக் கண்டுபிடித்து, மேலே போய்ச் சேர்ந்தால் மணம் வரலாம். சேராவிட்டால் வராமலே போகலாம். மருந்து இல்லை. காத்திருப்பதுதான் வழி. அதுவரைக்கும் காஸ் ஹீட்டரைக் கழற்றிவிட வேண்டும், அவள் குடிக்கும் பாலின் திகதியைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், வைத்தியசாலையிலிருந்து திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். சிக்னலில் நின்றபோது பக்கத்துச் சீட்டிலிருந்து ஒரு சத்தம். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா, யு ஃபெயில்ட் யுவர் ஓன் எக்ஸாம்."

இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இழுபட்டது. பார்த்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. சாப்பாட்டில் அவளுக்கு ஆர்வம் போய்விட்டது. உப்பு, புளி, இனிப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. ஆனால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. அப்பிள் புளிக்கிற ஈரக் கட்டை, கோப்பி கசக்கிற சுடுதண்ணீர் என்றாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது வேறு ஒன்று. ஒரு நாள் காலை, குளித்து முடித்து, தலையில் ஈரத் துவாயோடு வந்து என் முன்னால் நின்றாள். ஜேர்சியை நீட்டினாள்.

"அப்பா, மணந்து பாருங்கோ."

"ஏன் குஞ்சு?"

"எனக்குத் தெரியேல்லை. நான் என்ன மணக்கிறன் எண்டே எனக்குத் தெரியேல்லை."

முன்பு கறி மணக்கிறது என்று தெரிந்தாவது இருந்தது. தெரிந்தால் சண்டை பிடிக்கலாம், தோய்க்கலாம், பிளாஸ்டிக் பையில் போடலாம். இப்போது அவள் எதுவும் தெரியாமல் அந்த வகுப்பறைக்குள் போக வேண்டும். நாளுக்கு இரண்டு தரம் குளித்தாள். யாராவது பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தால், அதற்குக் காரணம் தான்தானோ என்று மாலையில் வந்து அம்மாவிடம் கேட்டாள்.

அன்றிலிருந்து நான் வீட்டின் உத்தியோகபூர்வ மூக்கு. ஒவ்வொரு காலையும் ஜேர்சியை வாங்கி முன்பக்கம், பின்பக்கம், கைப்பகுதி என்று மணந்து பார்ப்பேன். பிறகு தீர்ப்புச் சொல்வேன்.

"ஒண்டுமில்லை. சவர்க்காரம்தான் மணக்குது."

"ஷுவர்?"

"ஷுவர்."

உண்மை என்னவென்றால், சில நாட்களில் வெங்காயம் மணந்தது, சில நாட்களில் உள்ளி மணந்தது, ஒரு வெள்ளிக்கிழமை முழுச் சாம்பாரும் மணந்தது. நானும் மனைவியும் முடிந்ததைச் செய்தோம். அவள் சமையலைப் பின்விறாந்தைக்கு மாற்றி, என் பழைய ஓவர்கோட்டையும் கம்பளித் தொப்பியையும் போட்டுக்கொண்டு, ஓக்லாந்தின் குளிர்ந்த தெற்குக் காற்றில் நின்று கடுகு தாளித்தாள். காற்று அடித்த பக்கம் மகளின் யன்னல். என்ன செய்யலாம்? நான் மணந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னேன். மகள் என்னை நம்பி ஜேர்சியைப் போட்டுக்கொண்டு போனாள். பஸ் வரும் வரைக்கும் யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன், அவளுக்குப் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று.

குளிர் விடும் காலத்தில் ஒரு புதிய தொல்லை தொடங்கியது. இல்லாத மணங்கள் அவளுக்கு வந்தன.

"அப்பா, டயர் எரியுது."

முதல் தடவை வீட்டை மூன்று முறை சுற்றி ஓடினேன். கூரைக்குள் ஏறினேன். கிழவரின் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் ஏதாவது எரிகிறதா என்று கேட்டேன். அவர், "இன்றைக்கு என்ன சமையல்?" என்று திருப்பிக் கேட்டார். எங்கும் எதுவும் எரியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி டயர். பல் விளக்கும்போது டயர், தொலைக்காட்சி பார்க்கும்போது டயர். விசேட வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். கெட்டதாக இருக்க வேண்டியதில்லை, இழைகள் வளரத் தொடங்கி மாறி மாறித் தொடுத்துக்கொண்டால் இப்படியும் வருவதுண்டு என்றார்.

"மாறிப் பிழிஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

ஆனாலும் ஒவ்வொரு டயருக்கும் நான் ஓடினேன். ஓடி ஓடிக் களைத்தேன். கடைசியில், "ஓம் குஞ்சு, டயர்தானே" என்று கதிரையிலிருந்தே சொல்லப் பழகினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வசந்தம் என்று பெயர், ஆனால் மழையும் குளிரும் போகவில்லை. எனக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்தில் தடிமன். இரண்டு பேருக்கும் மூக்கு முற்றாக அடைப்பு. விறாந்தையில் நிற்க முடியாமல் மனைவி அன்று குசினியிலேயே பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, கொஞ்சம் சரிவோம் என்று போய்ப் படுத்தாள். நான் போர்வைக்குள் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மகளின் அறையிலிருந்து குரல் வந்தது. "அப்பா, என்னவோ எரியுது."

"ஓம் குஞ்சு, டயர்தானே."

"இல்லை. டயர் இல்லை" என்றாள். "இது வேற."

"வேற எண்டா?"

கதவுக்குப் பின்னால் அவள் மூச்சை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, பரீட்சையில் விடையில் நிச்சயமில்லாத பிள்ளையின் குரலில்: "பருப்பு?"

நான் பேப்பரை எங்கே எறிந்தேனோ தெரியாது. குசினியில் சட்டிக்கு மேல் மெல்லிய நீலப் புகை சுருண்டுகொண்டிருந்தது. பருப்பு அடிப்பிடித்துக் கறுத்திருந்தது. எனக்கு ஒரு துளி மணமும் தெரியவில்லை. மனைவி ஓடி வந்து சட்டிக்குள் மூக்கை விட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. புகை அலாரமே இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் வேலை செய்த ஒரே மூக்கு, மூடிய கதவுக்கு அப்பால் கணக்குச் செய்துகொண்டிருந்த மூக்கு.

அடிப்பிடித்த சட்டி என்றால் மனைவிக்கு மானப் பிரச்சினை. விருந்தாளி வந்தால் ஒளித்து வைப்பாள். அன்று அதை இரண்டு கையாலும் தூக்கி, பூசைத் தட்டு நீட்டுவதுபோல மகளின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"வடிவா மணந்து பார், பிள்ளை. வடிவா!"

"இட்ஸ் டிஸ்கஸ்டிங், அம்மா."

"என்ன மாதிரி? என்ன மாதிரி டிஸ்கஸ்டிங்?" என்றேன் நான்.

கோப்பித்தூளைத் திறந்தோம். அவள் மூக்கை வைத்து நெற்றியைச் சுருக்கினாள். கோப்பி மாதிரி இல்லை, ஆனால் கோப்பி என்று தெரிகிறது, தூரத்தில் யாரோ குடிக்கிற மாதிரி என்றாள். சவர்க்காரம் இன்னும் இல்லை. பெருஞ்சீரகம் கொஞ்சம், டின்னை ஆட்டாமலே. மனைவி அழத் தொடங்கினாள். ஏற்கெனவே தடிமனில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் எது எதற்கு என்று பிரிக்க முடியவில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மாலையைப்போல இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதற்கிடையில் மகளைக் காணவில்லை. அறைக்குள் போயிருந்தாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு காலையும் நான் சொன்ன தீர்ப்புகள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

குசினி வாசலில் வந்து நின்றாள். விரல் நுனியில் ஜேர்சி.

"அப்பா."

"என்ன, குஞ்சு?"

"இது கறி மணக்குது."

"எனக்குத் தடிமன். எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றேன்.

"குளிர்காலம் முழுக்கவும் தடிமனோ?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சட்டியைப் பார்த்தாள். மகள் ஜேர்சியைத் திரும்பவும் மூக்கில் வைத்தாள். கோபத்தோடுதான் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள், இந்த முறை கையை, பிறகு கழுத்துப் பகுதியை. தோய்க்கப் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அதை மடியில் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தாள். தோய்க்கப் போகவில்லை.

வேறு சமைக்க ஒருவருக்கும் தெம்பில்லை. கருகாத மேல்பகுதியை வழித்து, சோற்றோடு அந்தப் பருப்பையே சாப்பிட்டோம். வாயில் வைக்க முடியவில்லை, புகை மணக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று மகள் முறைப்பட்டாள். மனைவி மூக்கை உறிஞ்சியபடி அவளுடைய கோப்பையில் இன்னொரு கரண்டி வைத்தாள்.